கொஞ்சம் எதிராகவும்

ருஸ்தாவியில் காலை ஏழு மணி.
மூடிய எஃகு ஆலையின் பின்புறம்
என் கிரேன் அறையில் ஹீட்டர் இன்னும் சூடேறவில்லை.
த்சியூரி என்றால் எங்கள் மொழியில் வானத்தவள்.
கிரேன் ஓட்ட அந்தப் பெயரே போதும் என்பான் கோச்சா,
கீழே நின்று கை காட்டுகிறவன்.

பிடியைத் தள்ளுகிறேன்.
கவிழ்த்த அண்டாபோல் காந்தம் இறங்குகிறது.
லாடா காரின் கதவு, தண்டவாளத் துண்டு,
யாரோ படுத்து எழுந்த கட்டிலின் சுருள்கம்பி
எல்லாம் தரையை விட்டுத் தாவி ஒட்டிக்கொள்கின்றன.
இரும்புக்கு வெட்கம் கிடையாது.

செம்பு அப்படி வராது.
ஒரு நாள் கோச்சா தடித்த செம்புக்குழாயை நிமிர்த்திப் பிடித்து
பழைய கணினியில் கழற்றிய காந்தத்தை மேலே போட்டான்.
ஆறு எண்ணிய பிறகுதான் கீழே வந்தது.
குழாய் அதைப் பிடிக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை.
விழுகிறவனை வழிநெடுகப் பேச்சுக் கொடுத்து
தாமதிக்க வைப்பார்களே, அந்த மாதிரி.

அலுமினியத்துக்குப் பொறுமை இல்லை.
காந்த உருளை சுழலும் முனையில்
பீர் டப்பாக்கள் பெல்ட்டிலிருந்து துள்ளி
எட்டப் போய் விழும், யாரோ அதட்டியதுபோல்.

எவர்சில்வர் தொட்டி ஒன்றுதான் என்னை நெடுநாள் குழப்பியது.
தட்டையான அடியில் காந்தம் வழுக்கும்,
மூலையில் மட்டும் லேசாகப் பிடிக்கும்.
அச்சில் அழுத்தி வளைத்த இடமாம் அது.
அடிபட்ட இடத்தில் மட்டும்
தான் இரும்பு என்பது அதற்கு நினைவு வருகிறது.

என் தம்பி நுக்ஸாரின் தோளில்
தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் சுகுமி இருக்கிறது,
எக்ஸ்ரேயில் அரிசியளவு வெள்ளை.
தலைவலிக்கு ஸ்கேன் எடுக்க திபிலிசி போனோம்.
உடம்பில் உலோகம் உண்டா? உண்டு.
என்ன உலோகம்?
கேட்டுக்கொள்ள அவகாசம் தரவில்லை அம்மா, என்றான்.
செவிலி சிரிக்காமல் கோப்பை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை யார்டில் ஆள் இல்லை.
மின்சாரமில்லாத பெரிய காந்தம் தலைக்கு மேலே சும்மா தொங்க,
நுக்ஸார் சட்டையைக் கழற்றிக் குளிரில் நடுங்கினான்.
காற்றுக்கு மறைவாய்க் கோச்சா தன் கோட்டை விரித்துப் பிடித்தான்.
என் சால்வையில் உருவிய நூலில்
இயர்போனின் குட்டிக் காந்தத்தைக் கட்டி
தோளுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்தேன்.
மூச்சை அடக்கினேன். அவனும் அடக்கினான்.

நூல் சாய்ந்தது.
ஒரு நெல்மணி அளவு.

இரும்பு, என்றேன்.
யார் சுட்டது என்றுதான் தெரியாது, என்றான்,
எதனால் என்றாவது தெரிந்ததே.

பிறகு கோச்சா ஒன்று சொன்னான், எங்கோ படித்தானாம்:
தண்ணீர், எலும்பு, கொழுப்பு எல்லாமே
காந்தத்தை விலக்கத்தான் பார்க்கும்,
நமக்குத் தெரியாத அளவு மெல்ல.
அப்படியென்றால்
அறுபத்தெட்டு கிலோ நுக்ஸார் தள்ளிப் போ என்கிறான்,
அரிசியளவு ஒன்று வா என்கிறது,
நூல் அரிசியின் பேச்சைக் கேட்கிறது.

திங்கட்கிழமை. சுமையை இறக்குகிறேன்.
மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது.
பெரியவை பொத்தென்று விழும்.
ஆணி, வாஷர், தகரச் சீவல்
பழக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.
ஒரு நொடி எதிர்த்திசையில் கொடுக்க வேண்டும்.
அதிகமானால் மறுபடி பிடித்துக்கொள்ளும்,
குறைந்தால் விடாது.
எவ்வளவு என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.
கடைசி வாஷர் விழும் சத்தத்துக்குக் காது பழக
எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

மதியம் நுக்ஸார் போன் செய்கிறான்.
வியாழக்கிழமை அறுக்கிறார்களாம்.
எடுத்ததைக் கொண்டு வரவா, உன் குவியலில் போட, என்கிறான்.
கொண்டு வா, என்கிறேன்,
ஆனால் இங்கே எடை போட்டுத்தான் காசு.